தலையில் அடிபட்டவருக்குக் கவனப் பயிற்சி: வேலூரா, தனியார் மையமா, ஆப்பா, வீடா?

தடைக்காலம் முடிந்து முதல் மீன் வந்த அன்றைக்குத்தான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது.

என் அண்ணன் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கணக்குப்பிள்ளை. ஏலம் விடுகிறவர் ஒரு பக்கம் கத்திக்கொண்டிருப்பார். சுற்றி நிற்கும் வியாபாரிகளில் ஒருவர் வாயால் விலை கேட்பார், இன்னொருவர் தலையை மட்டும் ஆட்டுவார். யாருக்கு எத்தனை கூடை, என்ன விலை, யார் ரொக்கம், யார் கடன், எல்லாவற்றையும் அண்ணன் ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டே போவார். இருபது வருடமாக இதுதான் வேலை. கால்குலேட்டரைக் கையால் தொட்டதில்லை.

போன வருடம் ஏப்ரல் முதல் வாரத்தில் எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரி வரிசையை ஒட்டி வண்டியில் வந்தவர், மணலில் சறுக்கி விழுந்தார். ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேலே இருந்தது. நெற்றிப் பக்கம் மூளையில் ரத்தக் கசிவு. பதினொரு நாள் ஆஸ்பத்திரி. ஆபரேஷன் தேவைப்படவில்லை. "ஸ்கேன் நல்லா இருக்கு, கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். கூட்டிக்கொண்டு வந்தோம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. குப்பத்தில் பாதிப் பேர் சும்மா இருக்கிற காலம் அது. வலையைச் சரிசெய்வார்கள், படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், சீட்டாடுவார்கள். அண்ணனும் வாசலில் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை, அதனால் எதுவும் தப்பாகவும் போகவில்லை. ஜூனில் ஏலத்துக்குப் போனார். முதல் நாலு உருப்படி சரியாக எழுதினார். ஐந்தாவதில் யாரோ, "அண்ணே, சங்கரா மீனு எனக்கில்ல, அவருக்குப் போடு" என்று திருத்தச் சொன்னார்கள். அடித்துவிட்டு நிமிர்ந்தவருக்கு எங்கே விட்டோம் என்று தெரியவில்லை. அடுத்த மூன்று உருப்படி நோட்டிலேயே இல்லை. சண்டை வந்தது. நோட்டை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். அண்ணி எனக்குப் போன் பண்ணி, "தம்பி, உங்க அண்ணனுக்கு இன்னாவோ ஆயிடுச்சு, வந்து பாருங்க" என்றார்.

நான் ராயபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்சார்ஜ் சம்மரியைக் காப்பி எடுக்க வருகிறவர்கள் வாரத்துக்கு நாலைந்து பேராவது இருப்பார்கள். "உயிரு பொழச்சிட்டாரு, ஆனா பழைய ஆளா இல்ல" என்பதை இந்த ஒரு வருடத்தில் பல வாயிலிருந்து கேட்டுவிட்டேன். விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் செலவைத் தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் பார்த்துக்கொள்கிறது. 2021 டிசம்பரில் வந்த திட்டம். நல்லது. எங்களுக்குப் பிரச்சினை 49ஆவது மணி நேரத்துக்கு அப்புறம். எங்கே போவது, எதற்குச் செலவழிப்பது, எதை விடுவது என்பதை நாங்கள் தடவித் தடவித்தான் கண்டுபிடித்தோம். பக்கவாதம், மூளைக்காய்ச்சல், கட்டி ஆபரேஷன், மூச்சுத் திணறி மூளைக்கு ஆக்ஸிஜன் போகாமல் போனது என்று காரணம் எதுவானாலும் முடிவெடுக்க வேண்டிய இடம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதலில் ஒன்று. நாங்கள் "மறதி, மறதி" என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். அது மறதியே இல்லை. மருத்துவமனையில் ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் வரையச் சொல்லி, ஐந்து சொற்களைச் சொல்லித் திருப்பிக் கேட்டு, 30க்கு மார்க் போடுவார்கள். மோகா என்று பெயர், தமிழிலும் இருக்கிறது. 26 வாங்கினால் இயல்பு. அண்ணன் 27 வாங்கினார். "ஒன்னும் இல்லையே" என்றார்கள். ஆனால் அது பத்து நிமிடச் சல்லடை, அவ்வளவுதான். அமைதியான அறையில், ஒரு சமயத்தில் ஒரே ஒரு கேள்வி. ஏலக்களம் அப்படியா இருக்கிறது?

பிறகு ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் இரண்டு தடவையாக மூன்று மணி நேரம் உட்கார்ந்து சோதித்தார். ஞாபகம் பரவாயில்லை. அடிபட்டது வேறு: ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குக் கவனத்தை மாற்றித் திரும்பி வருவது, வேகம், வரிசையாகத் திட்டமிடுவது. நாற்பது நிமிடத்துக்கு மேல் போனால் மூளை களைத்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தனக்கு இப்படி ஒரு குறை இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. அது வீம்பு இல்லை, முன்பக்க மூளையில் பட்ட அடி தன்னைத் தானே கவனிக்கும் திறனையும் சேர்த்துக் கெடுக்கும் என்று சைக்காலஜிஸ்ட் விளக்கியபோது அண்ணி அழுதுவிட்டார். இரண்டு மாதமாக அவர் அண்ணனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்த இடத்தையும் தேர்ந்தெடுக்காதீர்கள். சைக்காலஜிஸ்ட் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சரி, வழிகள். எங்கள் முன்னால் நாலு இருந்தன.

வேலூரைத்தான் ஊரே சொன்னது. சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் இருக்கிறது, 1966இல் தொடங்கியது. அதன் பின்னால் இருப்பவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் ஒரு விபத்தில் முதுகுத்தண்டு போய், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆபரேஷன் செய்தவர். அங்கே சேர்ந்தால் மறுவாழ்வு மருத்துவர், அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி, பேச்சுப் பயிற்சி, மனநலம் எல்லாம் ஒரே வளாகத்தில். கை கால் விழுந்து, பேச்சும் குழறி, விழுங்கவும் கஷ்டப்பட்டு, கூடவே நினைவும் போனவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்றே சொல்வேன். மூளைக்கும் மனநலத்துக்குமான பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையும் அப்படித்தான். சுமார் 350 கிலோமீட்டர், ஆனால் விரிவான சோதனைக்கும் 'வீட்டில் இதை இப்படிச் செய்யுங்கள்' என்ற எழுத்துபூர்வமான திட்டத்துக்கும் ஒரு தடவை போய் வருவது நியாயமான செலவு.

நாங்கள் சேர்க்கவில்லை. அண்ணனுக்குக் கை கால் நன்றாக இருக்கிறது. சேர்த்தால் வாரக்கணக்கில் கூட ஒருவர் தங்க வேண்டும். அண்ணி தங்கினால் இரண்டு பிள்ளைகளை யார் பார்ப்பது, நான் தங்கினால் கடைக்கு யார்? இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. மூளைக்காயம் பட்டவர்கள் ஓரிடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்குத் தாமாக எடுத்துப் போவது கடினம். வேலூரில் டீ போடக் கற்றவருக்குக் காசிமேட்டு அடுப்பில் மறுபடி சொல்லித்தர வேண்டியிருக்கும். பாகாயத்தில் ஏலக்களம் இல்லை.

இரண்டாவது, தென்சென்னையில் ஒரு தனியார் மையம். பெயர் வேண்டாம். இதில்தான் எங்கள் காசு போனது. ஓர் அமர்வுக்கு 900 ரூபாய், வாரம் மூன்று, மூன்று மாதப் பேக்கேஜ், பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள். ஏசி அறை, கலர் கலர் கட்டைகள், கம்ப்யூட்டர். பக்கம் நிறைய எழுத்துகள் இருக்கும் தாளைக் கொடுத்து, 'க' வரும் இடத்தையெல்லாம் அடிக்கச் சொல்வார்கள். முதல் வாரம் பாதியைத் தவறவிட்டார். இரண்டாம் மாதம் ஒன்றிரண்டுதான் விட்டார். கிராஃப் போட்டு மேலே ஏறும் கோட்டைக் காட்டினார்கள். எங்களுக்கும் சந்தோஷம். அந்த வாரமே அண்ணன் கேஸ் சிலிண்டருக்குப் பணம் கொடுக்கப் போய், மீதிச் சில்லறையை வாங்காமல், சிலிண்டரையும் வாங்காமல் திரும்பி வந்தார். எழுத்தை அடிப்பதில் கெட்டிக்காரர் ஆகியிருந்தார், அவ்வளவுதான்.

அங்கே இருந்த தெரபிஸ்ட் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். "சார் வேலையில் என்ன செய்வார்?" என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான். ஆனால் பேக்கேஜில் அதற்கு இடமில்லை. இன்னொன்று, தூரம். புது வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி, இறங்கி, ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம். சத்தம், கூட்டம், படிக்கட்டு, அறிவிப்பு. அவருக்கு ஒரு நாளில் இருப்பதே சில நாற்பது நிமிடங்கள்தான். அதில் நல்லதைப் பயணமே தின்றுவிட்டது. மிச்சம் இருந்த களைத்த மூளைக்குத்தான் 900 ரூபாய் கொடுத்தோம். வட சென்னையில் இருக்கிறவர்கள் மருத்துவச் செலவில் பஸ் காசைச் சேர்த்துக் கணக்குப் போடுவார்கள். பயணம் தின்னும் தெம்பையும் சேர்த்துப் போடுங்கள்.

மூன்றாவது, போனில் மூளைப் பயிற்சி ஆப்கள். சித்தப்பா பையன் இறக்கிக் கொடுத்தான். செலவு குறைவு, வீட்டிலேயே செய்யலாம், அண்ணனுக்கும் பிடித்திருந்தது. இதில் நான் கறாராகத்தான் பேசுவேன். 2016 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையம் லூமோசிட்டி என்ற ஆப் நிறுவனத்தின் மேல், ஆதாரமில்லாமல் பெரிய பெரிய பலன்களைச் சொல்லி விளம்பரம் செய்ததாகக் குற்றம் சாட்டி, 20 லட்சம் டாலர் கட்ட வைத்தது. தலைக்காயத்துக்குப் பிறகான பயிற்சிக்கென்று பன்னாட்டு வல்லுநர்கள் 2014இல் வெளியிட்டு 2023இல் புதுப்பித்த இன்காக் வழிகாட்டியும், அன்றாட வேலையோடு ஒட்டாத கம்ப்யூட்டர் விளையாட்டை மட்டும் நம்புவதைப் பரிந்துரைக்கவில்லை. ஆட ஆட அந்த ஆட்டத்தில்தான் கை தேறும். பொழுதுபோக்குக்கு ஆடட்டும், தப்பில்லை. அதைச் சிகிச்சை என்று சொல்லிச் சந்தா கட்டாதீர்கள். அதே போனில் இருக்கும் அலாரம் இலவசம், அது நூறு மடங்கு உதவும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நாலாவது, பக்கத்து அரசு மருத்துவமனையும் வீடும் சேர்ந்தது. எங்கள் பகுதிக்கு ஸ்டான்லி. பெரியவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். நரம்பியலும் நரம்பு அறுவைப் பிரிவும் மனநலப் பிரிவும் அங்கேயே இருக்கின்றன. சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை. கே.கே. நகரில் மறுவாழ்வுக்கென்றே அரசு நிலையம் இருக்கிறது, கை கால் பாதிப்பும் சேர்ந்திருந்தால் அங்கே போவது பொருந்தும். 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. நடக்க முடியாதவருக்கு அது பெரிய உதவி, ஆனால் கவனப் பயிற்சி அதன் வேலை அல்ல.

இந்த வழியில் ஒரு முட்டுக்கட்டை உண்டு, அது எங்கள் வாயிலேயே இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பெரும்பாலும் மனநலப் பிரிவில்தான் உட்கார்ந்திருப்பார். "என் புருஷன் இன்னா பைத்தியமா?" என்று வாசலோடு திரும்பிப் போனவர்களை எனக்குத் தெரியும். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே நாம் வசைச்சொல்லாக வைத்திருக்கிறோமே. எங்கள் அம்மாவும் அப்படித்தான் குறுக்கே நின்றார். "தலைக்குள்ள அடிபட்டதுக்கு அங்கதான் டெஸ்ட் இருக்குது" என்று ஒரு வாரம் சொல்லிச் சொல்லிக் கரைத்தேன்.

நாங்கள் எடுத்தது இந்த நாலாவது வழி. மாதம் இரண்டு முறை மருத்துவமனையில் ஆலோசனை, மற்ற நாள் வீடும் என் கடையும். நான் ஏன் இதன் பக்கம் சாய்கிறேன் என்றால், எந்த வேலை கையை விட்டுப் போனதோ அந்த வேலையிலேயே, அது நடக்கும் இடத்திலேயே பயிற்சி செய்ய முடிகிற ஒரே வழி இதுதான்.

நடப்பது இப்படி. மாலை நாலு மணிக்கு அண்ணன் கடைக்கு வருவார். காலையில் ஏலத்தில் எழுதிய துண்டுச் சீட்டுகளைப் படகு முதலாளி கொடுத்தனுப்பியிருப்பார். அண்ணன் அவற்றை நோட்டில் ஏற்ற வேண்டும். முதல் மாதம் ஃபேனைத் தவிர எல்லாவற்றையும் நிறுத்தினேன், மிஷின்கூட ஓடாது. இரண்டாம் மாதம் மிஷினைப் போட்டேன். மூன்றாம் மாதம் நடுவில் வேண்டுமென்றே ஒரு கேள்வி கேட்பேன்: "அண்ணே, சில்லறை இருக்கா?" அவர் பதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்துக்கு வர வேண்டும். அதற்காக மருத்துவமனையில் சொல்லிக்கொடுத்தது ஒரு சின்னப் பழக்கம்: யார் கூப்பிட்டாலும் முதலில் எழுதிக்கொண்டிருக்கும் வரியில் விரலை வை, அப்புறம் நிமிர். மேஜையில் அண்ணி கையெழுத்தில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது. "நில்லு. எங்க வுட்ட? பாரு." அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. ஒரு வேலையின் நடுவில் தானே நின்று தன்னைப் பார்த்துக்கொள்ளப் பழக்குவதற்கு மேல்நாட்டில் பெரிய பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அட்டைதான்.

தப்பு செய்யவிட்டுத் திருத்தக் கூடாது என்பதையும் அங்கேதான் கற்றோம். "யோசிச்சுப் பாரு, யோசிச்சுப் பாரு" என்று நாம் நச்சரிப்போமே, நினைவு கெட்டவருக்கு அது விஷம். அவர் குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்வார், அந்தத் தப்பே மனதில் பதிந்துவிடும். இங்கிலாந்தில் ஆலன் பேட்லியும் பார்பரா வில்சனும் 1994இல் இதைச் சோதித்து எழுதினார்கள். அதனால் தெரியாததைக் கேட்காமல் உடனே சரியான விடையைச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்க வேண்டும். ஒரு நிமிடம் கழித்து, பிறகு இரண்டு, நாலு, எட்டு. அண்ணனுக்கு மாத்திரை டப்பா எங்கே என்பதை இப்படித்தான் பதிய வைத்தோம். நினைவே பெரிதாக அடிபட்டவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

அப்புறம் அலாரம். வில்சன் குழுவே 2001இல் மூளைக்காயம் பட்ட 143 பேரை வைத்து ஒரு சோதனை செய்தது. கருவி வேறொன்றும் இல்லை, நாம் தூக்கிப் போட்ட பேஜர். மாத்திரை போடு, சாவியை எடு என்று நேரத்துக்குச் செய்தி வரும். முடித்தவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் முன்னைவிட நன்றாகத் தங்கள் வேலைகளைச் செய்தார்கள். மூளையைப் பழையபடி ஆக்குவதைவிட மூளைக்கு வெளியே ஒரு கைத்தடி கொடுப்பது பல பேருக்குச் சீக்கிரம் பலன் தருகிறது. அண்ணன் போனில் நாலு அலாரம், அண்ணி குரலிலேயே பதிவு செய்தது. "அடுப்பு அணைச்சிட்டியா?" என்று சட்டைப்பையிலிருந்து அண்ணி கேட்பதைப் பார்த்துத் தெருவே சிரிக்கிறது. சிரிக்கட்டும்.

இந்த வழி இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். தினம் நாற்பது நிமிடம் என் கடை பாதி மூடியிருக்கிறது. அண்ணிதான் முதலில் சொல்லிக்கொடுத்தார், மூன்றே வாரத்தில் வீடு போர்க்களம். புருஷனுக்குப் பொண்டாட்டி வாத்தியாராக இருந்தால் இரண்டு உறவும் கெடுகிறது. தம்பி, மச்சான், பக்கத்து வீட்டுப் பையன், யாராவது வெளி ஆள் ஒருவர் அந்த நேரத்துக்கு வேண்டும். அப்படி ஆள் கிடைக்காத வீட்டுக்கு, பக்கத்திலேயே ஒரு தனியார் தெரபிஸ்ட் வாரம் ஒரு நாள் வீட்டுக்கு வந்தால் அதற்குக் காசு கொடுப்பது என் கணக்கில் வீண் இல்லை. மூன்று மாதப் பேக்கேஜ்தான் வேண்டாம். "அவர் தினம் செய்யும் வேலையை வைத்துப் பயிற்சி தருவீர்களா?" என்று முதல் நாளே கேளுங்கள்.

எங்கள் வழி எல்லாருக்கும் ஆகாது. வலிப்பு வருகிறது, அடிக்கக் கை ஓங்குகிறார், வீட்டை விட்டு நடந்துபோய்விடுகிறார், ஐந்து நிமிடம் முன்னால் நடந்தது நிற்கவில்லை, குடி நிற்கவில்லை என்றால் வீட்டில் வைத்துப் போராடாமல் சேர்த்துப் பார்க்கும் இடத்துக்குப் போங்கள். வீட்டுக்கு வந்து பல வாரம் கழித்துத் தலைவலி கூடி, வாந்தி, தூக்கக் கலக்கம் வந்தால் அது பயிற்சி விஷயமே அல்ல. மூளையின் மேல் மெதுவாக ரத்தம் தேங்கியிருக்கலாம். அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவு. "ஆறு மாசம் தாண்டிட்டா அவ்ளோதான்" என்று யாராவது சொன்னால் மட்டும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். முதல் ஆறு மாதம் வேகமாகத் தேறுவது உண்மை. அதற்கப்புறமும் பழக்கங்களைக் கற்றுக்கொள்ள முடிகிறது, எங்கள் விரல் வைக்கும் பழக்கமே ஒன்பதாவது மாதத்தில்தான் படிந்தது.

காகித வேலையைப் பற்றி இரண்டு வரி. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகை இருக்கின்றன. மூளைக்காயம் என்று தனி வகை இல்லை. நாட்பட்ட நரம்பியல் பாதிப்பு போன்ற வேறு தலைப்பில்தான் பார்ப்பார்கள். கை கால் நன்றாக இருக்கிறவரைப் பார்த்ததும் யாருக்கும் நம்பிக்கை வராது. சைக்காலஜிஸ்ட் எழுதிய முழு அறிக்கைதான் அங்கேயும், விபத்து இழப்பீட்டு வழக்கிலும் பேசும். அதை நாலு காப்பி எடுத்து வையுங்கள், இது கடைக்காரனாகச் சொல்லவில்லை.

அண்ணன் இன்னும் ஏலத்துக்கு எழுதப் போகவில்லை. விடியுமுன்பே எழுந்து போகிற வேலை அது. தூக்கம் கெட்டால் மறுநாள் முழுதும் தடுமாறுகிறார். முதலாளி பாதிச் சம்பளத்துக்கு நோட்டு வேலையை மட்டும் கொடுத்திருக்கிறார். அடுத்த தடைக்காலத்தில் மறுபடி முழு டெஸ்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், களத்துக்கு அனுப்பலாமா என்பதை அதை வைத்துப் பேசுவோம். அதுவரை நோட்டு என் கடையில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பயிற்சி வேண்டாம் என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவருக்குத் துறைமுகத்துக்குப் போய், கூட்டத்தின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்க வேண்டுமாம்.